தூதரகத்துக்குப் போன விண்ணப்பம்

பிரிக்பீல்ட்ஸ் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வரிசையில், வாசல் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் வைத்திருந்த வீடு குணபூசணியுடையது. அந்த வீட்டில் திருடன் எடுத்துப்போக என்னதான் இருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் கேலி பேசுவார்கள். அவள் பயந்தது திருடனுக்கு அல்ல. எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தபால்காரர் மணியடித்தால் பயம். மேலதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பயம். பஸ்ஸில் பரிசோதகர் ஏறினால், டிக்கெட் கையில் இருக்கும்போதே உள்ளங்கை வியர்த்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவருக்குக் கோலாலம்பூரில் பிறந்த கடைசிப் பிள்ளை அவள். கல்யாணம் அமையவில்லை. ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் தியாகராசா, மனைவி இறந்த பிறகு தங்கையோடு வந்து சேர்ந்துகொண்டார். குணபூசணி ஓர் அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். பிறர் எழுதிக் கொடுத்ததை ஒரு பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பாள். கையெழுத்து மற்றவர்கள் போடுவார்கள். அந்த ஏற்பாடு அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

எண்பத்தைந்தாம் வருடம் ஒருநாள் சீஃப் கிளார்க் என்சிக் ரம்லி அவளைக் கவுன்டருக்குக் கூப்பிட்டார். தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு பெண் காலையிலிருந்து நிற்கிறாளாம். அந்த மாடியில் தமிழ் தெரிந்தவள் குணபூசணி ஒருத்திதான்.

வந்தவள் பெயர் இராஜம்மா. ஜெஞ்சாரோமுக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தின் ஓரமாகக் குடிசைகள் போட்ட ஒரு கம்பத்தில், அதாவது சின்னக் கிராமத்தில், வாழ்கிறவள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வெயிலில் கறுத்து, கையெல்லாம் முள் கீறிய தழும்பாக இருந்தது.

“எங்க கம்பத்துக்கு ஒரு ஆயாக் கொட்டக வேணுங்க. யாருகிட்ட கேக்கணும்னு சொன்னா போதும்” என்றாள்.

பெண்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஆயாக் கொட்டகை. பழைய ரப்பர்த் தோட்டங்களில் அது இருந்தது. இவர்கள் இருந்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள். இப்போது குத்தகை வேலை. விடியும் முன் லோரி வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். குழந்தைகளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார்கள்.

“பூட்டிட்டா போறீங்க?” என்று குணபூசணி கேட்டாள்.

“பூட்டிட்டுத்தான் போனேன். என் சின்னவன் பலகைய நீக்கிட்டு வெளிய வந்துட்டான். பின்னாடி பாரிட்டு.”

பாரிட் என்பது கம்பத்தின் பின்னால் ஓடும் பெரிய வடிகால். மூன்று வயது என்பதை மட்டும் இராஜம்மா விரல்களை நீட்டிக் காட்டினாள்.

அன்று குணபூசணி என்சிக் ரம்லியிடம் விசாரித்து வந்து சொன்ன பதில் இதுதான்: தனியாள் கேட்டால் கிடைக்காது. பதிவுபெற்ற சங்கமாக இருந்தால், சமூக மேம்பாட்டு உதவிக்கு விண்ணப்பம் போடலாம். இராஜம்மா தலையாட்டிவிட்டுப் போனாள். அதோடு முடிந்தது என்றுதான் குணபூசணி நினைத்தாள். ஆனால் சில மாதங்களில் இராஜம்மா கம்பத்துப் பெண்களைச் சேர்த்து மாதர் சங்கம் ஒன்றுக்கு ஆள் திரட்டி வந்துவிட்டாள். ஒன்றே ஒன்று குறை. செயலாளராக எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தி வேண்டும்.

“உங்க பேர போட்டுக்கட்டுமா அக்கா?”

முடியாது என்று சொல்லத்தான் குணபூசணி வாயைத் திறந்தாள். அப்போது நீட்டிய அந்த மூன்று விரல்கள் நினைவுக்கு வந்தன. “சரி” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாமல் படுத்துக்கொண்டாள்.

அரசாங்க ஊழியர் ஒரு சங்கத்தில் பொறுப்பு வகிக்க இலாகாத் தலைவரிடம் அனுமதி வாங்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். அனுமதி கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் ஏன், எதற்கு என்பார்கள். நாளைக்குக் கேட்கலாம், அடுத்த வாரம் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். அப்படித் தள்ளிப்போட்டதுதான் பிறகு அவள் கழுத்தை நெரித்தது.

முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. கம்பத்து நிலத்துக்குப் பட்டா இல்லை, அங்கே எதையும் கட்ட உதவி தர முடியாது என்றார்கள். ஜெஞ்சாரோமில் மளிகைக்கடை வைத்திருந்த ஜபருல்லா, கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த தன் சொந்த நிலத்தில் ஒரு துண்டைக் கொட்டகைக்கு விட்டுக்கொடுத்தார். அந்த நிலத்தைக் காட்டி இரண்டாவது விண்ணப்பம் போட்டார்கள். அதற்குப் பதிலே இல்லை. எண்பத்தேழாம் வருட நடுவில் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தியைக் குணபூசணி பார்த்தாள். ஐரோப்பாவின் வடக்கே உள்ள ஒரு நாட்டின் தூதரகம், உள்ளூர்ச் சங்கங்களின் சிறு திட்டங்களுக்கு நிதி தருகிறதாம்.

அந்த விண்ணப்பத்தில் முன்பு எங்கும் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. பயன்பெறப் போகிறவர்களிடம் அவர்கள் கருத்தைக் கேட்டீர்களா என்பது அது. கேட்டதாக எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் பொய் எழுதவும் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து பந்திங் போகும் பஸ்ஸைப் பிடித்து ஜெஞ்சாரோமில் இறங்கினாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். கொட்டகை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தாழ்ப்பாள் உயரத்தில் இருக்க வேண்டும். சன்னலுக்குக் கம்பி வேண்டும். அடுப்பு தனியாக, வெளியே.

“மொதல்ல பாரிட்டு ஓரமா வேலி, அக்கா” என்றாள் இராஜம்மா. “கொட்டகய பொறவு கட்டிக்கலாம்.”

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அடித்து, கடைசியில் செயலாளர் என்ற இடத்தில் தன் பெயரைக் கையெழுத்திட்டாள் குணபூசணி. தொடர்புக்கு ஜபருல்லா கடை முகவரியைக் கொடுத்தாள். தொலைபேசி எண் என்ற இடத்தில், வேறு வழியில்லாமல், தன் அலுவலக எண்ணை அடித்தாள்.

அந்த வருடம் அக்டோபர் கடைசியில் நாட்டில் கைதுகள் தொடங்கின. அரசியல்காரர்கள், சங்கங்களில் வேலை செய்தவர்கள், சமயத்தொண்டர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரணையில்லாமல் உள்ளே வைத்தார்கள். உரிமம் பறிக்கப்பட்டுச் சில பத்திரிகைகள் வரவே இல்லை. பத்திரிகை வராத காலையில் தியாகராசா வாசலில் வெறுங்கையோடு நின்றார். உள்ளே வந்து தாழ்ப்பாள் மூன்றையும் போட்டார்.

“அந்தத் தோட்டத்துப் பெண்டுகளின்ர சங்கம், இன்னும் அதில உன்ர பேர் இருக்கோ?”

“இருக்கு அண்ணை.”

“வெளிநாட்டுக்காரனுக்கு எழுதினதெண்டு சொன்னியே?”

“அது ஆயாக் கொட்டகைக்கு…”

“என்ன விசர் வேலை பார்த்திருக்கிறாய்! வெளிநாட்டுக்காரனிட்டக் காசு கேட்டதெண்டுதான் சொல்லுவாங்கள். கொட்டகையைப் பற்றி ஆர் கேக்கப் போறான்? எல்லாத்தையும் எரிச்சுப் போடு. ஆர் கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லு. வேலை போனால் இந்த வீடும் போயிடும். ரெண்டு பேரும் றோட்டிலதான்.”

அன்று மத்தியானமே பின்கட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் விண்ணப்ப நகல்களைப் போட்டு எரித்தாள். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, என்ன அப்படிப் புகைகிறது என்று கேட்டாள். “கொசு” என்றாள் குணபூசணி.

எரித்த பிறகு பயம் குறையும் என்று பார்த்தால் கூடியது. தன் கையில் நகல் இல்லை, தூதரகத்தில் அசல் இருக்கிறது. இப்போது யாராவது வந்து கேட்டால், எழுதியதற்கு மட்டுமல்ல, எரித்ததற்கும் பதில் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் யார் நாற்காலியை இழுத்தாலும் திரும்பிப் பார்த்தாள். பிழையே விடாதவள் ஒரே கடிதத்தை மூன்று முறை அடித்தாள். தெருவில் கார் நின்றால் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடும்.

நவம்பரில் என்சிக் ரம்லி மேசையிலிருந்த தொலைபேசி அடித்தது. அவர் கேட்டுவிட்டு ரிசீவரை அவள் பக்கம் நீட்டினார். யாரோ வெள்ளைக்காரப் பெண், உங்களைத்தான் கேட்கிறாள் என்றார். அறையில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. ரிசீவரைக் காதில் வைத்தாள். மறுமுனையில் ஒரு குரல், நிறுத்தி நிறுத்தி, அழகான ஆங்கிலத்தில், அந்தத் தூதரகத்திலிருந்து பேசுகிறேன், செயலாளர் நீங்கள்தானே, கொட்டகை வரப்போகும் இடத்தை வந்து பார்க்கலாமா என்று கேட்டது.

“ராங் நம்பர்” என்றாள் குணபூசணி. வைத்துவிட்டாள்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இரண்டு வருடம் காத்திருந்து வந்த ஒரே குரல். அதற்குத் தான் சொன்ன பதில் அது. பயத்தோடு இப்போது வெட்கமும் சேர்ந்துகொண்டது. இந்த இரண்டையும் சேர்த்துச் சுமக்க முடியாது, விலகிவிடுவதுதான் நல்லது என்று முடிவு செய்து, அந்த ஞாயிறு ஜெஞ்சாரோமுக்குப் போனாள்.

அவள் வாயைத் திறக்கும் முன் இராஜம்மா முந்திக்கொண்டாள்.

“அக்கா, நல்ல வேள வந்தீங்க. போன வாரம் ஒரு ஆளு மோட்டார் சைக்கிள்ல வந்தாரு. நம்ம ஆளுதான், தமிழு. வெள்ளைக்காரங்க யாரும் வந்தாங்களா, யாருகிட்ட காசு கேட்டீங்கன்னு விசாரிச்சாரு.”

குணபூசணி ஜபருல்லா கடை வாசலில் இருந்த அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். “நீங்க என்ன சொன்னீங்க?”

“எல்லாத்தையும் சொன்னேன். மறைக்க என்னா இருக்கு? பாரிட்டுக்குக் கூட்டிட்டுப் போயி எடத்த காட்டுனேன்.”

“என் பேர்…?”

“சொன்னேன்லா. எங்க அக்கா கவர்மென்டுல பெரிய வேலையில இருக்காங்க, அவங்கதான் எழுதிக் குடுத்தாங்கன்னு சொன்னேன். அப்பறந்தான் கொஞ்சம் மரியாதயா பேசுனாரு.”

பெருமையாகத்தான் சொன்னாள். குணபூசணியின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பெருமை மெல்ல வடிந்தது. “தப்பாக்கா?” என்றாள். விலகுகிறேன் என்று சொல்ல வந்ததைக் குணபூசணி சொல்லவில்லை. இனி விலகி என்ன ஆகப் போகிறது? அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

அந்த ஆள் அடுத்த வாரமே வீட்டுக்கு வந்தார். மாலை நேரம், விளக்கு வைத்த சற்று நேரத்தில். வெள்ளைச் சட்டை, சாதாரணக் கால்சட்டை. கையிலிருந்த அடையாள அட்டையைக் காட்டி, போலீஸ் என்றும் இராமலிங்கம் என்றும் சொன்னார். தியாகராசா அவரைக் கண்டதும், “வயிறு சரியில்லை” என்று முனகிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

குணபூசணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“பயப்படாதீங்க மேடம், சும்மா ரொட்டீன்தான்” என்றார் இராமலிங்கம். பயப்படாதீங்க என்று போலீஸ்காரர் சொன்னதும் அவள் இன்னும் நுனிக்கு நகர்ந்தாள். “ஜெஞ்சாரோம் சங்கத்துக்கு நீங்கதான் செகரட்டரியா?”

“ஆமா.”

“எம்பஸிக்கு எழுதச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல்ல. நான்தான் பேப்பர்ல பாத்தேன்.”

“அந்தக் கடுதாசியோட காப்பி இருக்கா?”

இதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்லு என்ற அண்ணனின் குரல் காதில் கேட்டது. தூதரகப் பெண்ணிடம் சொன்ன அந்த இரண்டு சொல்லும் கேட்டது.

“இருந்தது. எரிச்சிட்டேன்.”

இராமலிங்கம் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். “ஏன்?”

“பயமா இருந்தது.”

குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “அதுல என்னா எழுதியிருந்தீங்க?” என்றார். குணபூசணி சொன்னாள். அடித்தவள் அவளல்லவா, வரிக்கு வரி மனத்தில் இருந்தது. வேலி, கம்பி போட்ட சன்னல், உயரத் தாழ்ப்பாள், வெளியே அடுப்பு. சொல்லச் சொல்லக் குரல் நடுங்கினாலும் சொற்கள் தவறவில்லை. அந்தப் பாரிட்டில் செத்த பிள்ளையைப் பற்றியும் சொன்னாள்.

“ஒங்க டிபார்ட்மென்ட்டுக்கு இது தெரியுமா?”

“தெரியாது. பெர்மிஷன் கேக்கல்ல. கேக்கணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்காம இருந்தேன்.”

இராமலிங்கம் அதையும் எழுதிக்கொண்டார். எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, “நாங்க ரிப்போர்ட் அனுப்புறதுக்கு முந்தி நீங்களே ஒங்க பாஸ்கிட்ட எழுதிக் குடுத்துடுங்க” என்றார்.

அவர் போனபின் தியாகராசா வெளியே வந்தார். வேட்டியின் ஓரம் நனைந்திருந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்காமல், “தேத்தண்ணி போடட்டோ?” என்று கேட்டார். அவர் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் குணபூசணி இலாகாத் தலைவருக்குத் தன் தவற்றை எழுதிக் கொடுத்தாள். அவர் சத்தம் போடவில்லை. அது அவளை இன்னும் வதைத்தது. சில நாள் கழித்து, ஒழுங்கு நடவடிக்கை ஏன் எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் கேட்டு ஓர் உத்தரவு வந்தது. பதில் எழுதினாள். எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் செயலாளர் பொறுப்பை உடனே விட்டுவிட வேண்டும், எந்தத் தூதரகத்தோடும் எழுத்துத் தொடர்பு கூடாது.

அந்தச் சமயத்தில்தான் இராஜம்மா பிரிக்பீல்ட்ஸுக்கே வந்தாள். தூதரகம் கடை முகவரிக்குக் கடிதம் போட்டிருந்தது. வரும் சனிக்கிழமை ஆள் அனுப்பி இடத்தைப் பார்க்கிறோம், செயலாளர் நேரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் இந்த வருடத்தோடு காலாவதி. தியாகராசாதான் கண்ணாடி போட்டு வாசித்துச் சொன்னார்.

“நான் இனி செகரட்டரி இல்ல இராஜம்மா” என்று குணபூசணி நடந்ததைச் சொன்னாள். “மன்னிச்சுக்குங்க.”

இராஜம்மா சண்டை போடவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “ஒங்களுக்கு என்னால கஷ்டம்” என்றாள் கடைசியில்.

தியாகராசா தொண்டையைக் கனைத்தார். “அந்தப் பாரிட் எவ்வளவு ஆழம் பிள்ளை?”

“ஆழம் இல்லைங்க ஐயா. நான் எறங்கித் தூக்குனப்ப இடுப்பு வரைக்குந்தான் இருந்துச்சு.”

அவர் கடிதத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். “குணம், பென்ஷன்காரருக்கு இந்த அனுமதி கினுமதி எல்லாம் வேணுமோ?”

“வேண்டாம் அண்ணை. ஏன்?”

“செயலாளரா என்ர பேரைப் போடலாமோ எண்டு கேட்டன்.”

குணபூசணி அவரையே பார்த்தாள். “அண்டைக்கு நான் உள்ளுக்க இருந்ததை நீ ஆருக்கும் சொல்லாதை” என்றார் மெதுவாக.

சங்கத்துப் பெண்கள் கூடித் தியாகராசாவைச் செயலாளராக்கினார்கள். மாதர் சங்கத்துக்கு ஆண் செயலாளரா என்று ஒருத்தி கேட்க, அவர் பேரை எழுதறதுக்கு மட்டும் வச்சிக்கலாம் என்று இன்னொருத்தி சமாதானம் சொன்னாள். சனிக்கிழமை அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒரு கைப்பையில் மாற்றுத் துணி, பல்பொடி, ரத்த அழுத்த மாத்திரை. எதற்கு என்று கேட்டதற்கு, “நேரே உள்ள கொண்டு போனாங்கள் எண்டால்?” என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குணபூசணி அந்த நாள் முழுக்கச் சன்னலோரம் உட்கார்ந்து, இருட்டும் முன் அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

தூதரகப் பெண் பாரிட்டைப் பார்த்தாளாம். வெகுநேரம் அங்கேயே நின்றாளாம். பிறகு வேலி எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டாளாம். தியாகராசாவுக்குத் தெரியவில்லை. இராஜம்மா கால்களால் நடந்து அளந்து காட்டினாளாம்.

நிதி அடுத்த வருடம் வந்தது. கொட்டகை எழுந்தது. திறப்பு நாளன்று குணபூசணி கடைசி வரிசையில், கம்பத்துப் பெண்களோடு பெண்ணாக, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவரும் சொல்லவில்லை. நன்றியுரையை வாசிக்கும்போது காகிதம் படபடத்தது. நடுவில் ஒரு கார் வந்து நிற்க, அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாடு கொண்டுவந்த கார். விருந்தாளிகள் போனபின் இராஜம்மா குணபூசணியை உள்ளே கூட்டிப்போனாள். சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அது ஆடவில்லை. “நல்லா பதிச்சிருக்காங்கக்கா” என்று சொல்லும்போதுதான் இராஜம்மா அழுது குணபூசணி முதன்முதலாகப் பார்த்தாள்.

குணபூசணிக்குப் பதவி உயர்வு வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், அவள் ஓய்வுபெற்ற வருடம், கம்பத்தை அகற்றி எல்லாரையும் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். தியாகராசா அப்போது இல்லை, இரண்டு வருடம் முன்பே காலமாகிவிட்டார். ஒருநாள் காலையில், குவார்ட்டர்ஸை விட்டுக் குணபூசணி குடிபோயிருந்த வீட்டில் தொலைபேசி அடித்தது. இராஜம்மா.

“அக்கா, இங்க ப்ளாட்டுல கீழ ஒரு ரூமு சும்மா பூட்டிக் கெடக்கு. பிள்ளைங்களுக்குக் கேட்டா குடுப்பாங்களா? யாருக்கு எழுதணும்?”

ரிசீவரைப் பிடித்த குணபூசணியின் கை வியர்த்தது. பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“முதல்ல அந்த ரூம் யார் பேர்ல இருக்குன்னு விசாரிச்சு வைங்க” என்றாள். “ஞாயித்துக்கிழம நான் வரேன்.”